பொண்ணு காருக்கு வந்த நடுக்கம்

எங்கள் சித்தப்பா தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். எனக்கு வண்டி பழக்கியதும் அவர்தான். பழக்கும்போது ஒன்று சொல்வார்: "மலை ரோட்டுல கையி அசந்து போகலாம், வாயி அசந்து போகலாம், ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. கண் என்றாரா, காது என்றாரா, தெரியவில்லை. மறந்ததால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. போன வாரம் வரைக்கும்.

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரைத் தலவாக்கலைக்குக் கொண்டுபோய் மெக்கானிக் நிமல் பாஸின் கராஜில் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அப்படியே டயகமவுக்குப் போய், "வண்டி சரியாயிருச்சுக்கா" என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். மத்தியானச் சோறு அக்கா வீட்டில். இதில் தப்பாகப் போக என்ன இருக்கிறது?

கார் என்றால் புதிதல்ல. ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்து, கொழும்பில் யாரோ ஓட்டி அலுத்து, என்னிடம் வந்த ஓட்டோ கியர் கார். இங்கிலாந்தில் பல வருஷம் சாமான் டெலிவரி வேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான். அது முழுக்கக் கிளச் மிதித்து கியர் மாற்றுகிற வண்டி. போதும், இனி என் இடது காலுக்கு ஓய்வு என்று நினைத்துத்தான் ஓட்டோ கியர் வாங்கினேன்.

இங்கிலாந்தில் இருந்தபோதே அக்கா மகள் துர்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போனில் சொன்னது. "ஒன் கல்யாணத்துக்கு மாமா வருவேன். நானே வண்டி ஓட்டி ஒன்ன கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

கல்யாணம் இந்த ஞாயிற்றுக்கிழமை. டயகமவிலிருந்து ஹட்டன் கோயிலுக்குப் பொண்ணு போக வேண்டும்.

அதற்குச் சில நாள் முன்னால், கூறைப்புடவை எடுக்க அக்காவையும் துர்காவையும் ஹட்டனுக்குக் கூட்டிப் போய்த் திரும்பும்போதுதான் அது நடந்தது. ஹோல்புரூக் தாண்டி அக்கரபத்தனை போகும் வழியில் ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் வளைவே இல்லாமல் ரோடு ஓடும். நம் பக்கத்தில் நேர் ரோடு என்பது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய பொருள். அதைக் கண்ட சந்தோஷத்தில் ஐம்பதைத் தாண்டி ஒரே வேகத்தில் விட்டேன்.

வண்டி நடுங்கியது.

கல்லில் ஏறியது போல இல்லை. காய்ச்சல்காரனுக்குக் குளிர் வருமே, அப்படி. உதறும், நிற்கும். மறுபடி உதறும், நிற்கும். எஞ்சின் வேகம் காட்டும் முள்ளும் மேலே போய்க் கீழே வந்து கொண்டிருந்தது.

பின் சீட்டில் புடவைப் பார்சலை மடியில் வைத்திருந்த அக்கா கேட்டாள்: "என்ன தம்பி, வண்டிக்குக் குளிருதா?"

"ரோடு சரியில்லக்கா."

"ரோடு நல்லாத்தான இருக்கு. போன மாசந்தான் தார் போட்டாங்க."

வளைவுகள் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. அக்காவின் பேச்சு போகவில்லை. வீட்டில் இறங்கியதும் தீர்ப்பு வந்தது. "பொண்ணு ஏறுற வண்டி நடுங்கக் கூடாதுப்பா. சனம் என்ன சொல்லும்? ஒன்னால முடியலன்னா விடு. மச்சான் கூட்டாளி வேன் இருக்கு."

"எது? லீக்ஸ் மரக்கறி ஏத்துற வேனா?"

"கழுவிட்டா தெரியாது."

துர்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மாமா, எனக்கு லீக்ஸ் வாசத்தோட மணவறையில ஒக்கார முடியாது. நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது."

என்ன செய்வேன்? இரண்டு மொழியில் படித்தவன் செய்வதைச் செய்தேன். இரண்டு மொழியிலும் வாசித்தேன்.

ஓட்டோ கியர் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே டோர்க் கொன்வேட்டர் என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு காற்றாடி. ஒன்று சுற்றினால் அந்த எண்ணெய் மற்றதையும் சுற்ற வைக்கும். ஒன்றையொன்று தொடாது. வேகம் பிடித்து ஒரே சீராக ஓடும்போது மட்டும் உள்ளே ஒரு கிளச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிரேக்கில் கால் பட்டால் பூட்டு திறந்துவிடும். அந்தக் கிளச் தேய்ந்தால் பூட்டும்போது வண்டி நடுங்கும்.

இதைத் துர்காவுக்குப் போனில் விளக்கினேன். "ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல ஓடுறாங்கன்னு வச்சிக்க. வேகம் பிடிச்சதும் கையப் பிடிச்சிக்கிறாங்க. அப்ப பாத்து..."

"கையப் பிடிச்சதும் நடுக்கம் வருது. அதான மாமா?"

"அதேதான்."

"நல்ல நேரத்துல சொல்றீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எனக்குக் கல்யாணம்."

சரி, நிமல் பாஸிடம் வருவோம்.

நிமல் பாஸ் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். ஐயா என்பதற்கு 'மாத்தயா' போடுவதைத் தவிர, கோபம் வந்தால் மட்டும்தான் சிங்களத்துக்குப் போவார். புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் கையில் இருக்கும் சின்னத் திரையில் எஞ்சினின் உள்மனசு தெரியும். நான் கராஜுக்குள் நுழைந்ததும், "எங்க நடுங்குது?" என்று கேட்காமல், "இத மொதல்ல பாருங்க மாத்தயா" என்று ஸ்கேனரைத்தான் காட்டினார். புதுப் பிள்ளை பெற்றவர் பிள்ளையைக் காட்டுவது மாதிரி.

தலவாக்கலை டவுனைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். மேடு, பள்ளம், வளைவு, பஸ், மாடு. வண்டி பட்டு மாதிரி ஓடியது.

"ஒன்னுமே இல்லையே!"

"நேர் ரோட்டுல, ஒரே வேகத்துல போனாத்தான் பாஸ்."

"அப்ப நேர் ரோட்டுல போகாதீங்க. இங்க அப்படி ரோடு எங்க இருக்கு?"

நான் துர்கா கதையைச் சொன்னேன். லீக்ஸ் வேன் கதையையும் சொன்னேன். அவருக்கும் மகள் இருக்கிறாள். முகம் மாறிவிட்டது. "சரி. வாங்க, ஆத்தோர ரோட்டுக்குப் போவோம். நீங்க ஓட்டுங்க. நான் இதப் பாக்குறேன்."

ஆற்றோர ரோடு வந்தது. ஐம்பதைத் தாண்டினேன். நடுக்கம், சொல்லி வைத்தது போல வந்தது.

பாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பூட்டுது... தொறக்குது... பூட்டுது... தொறக்குது... ஐயோ மாத்தயா, இது என்ன, கடைக் கதவா?"

அப்போது ரோட்டோரமாகப் பையோடு நடந்துகொண்டிருந்த ஒருவர், நாங்கள் தாண்டியதும் பின்னால் ஓடி வந்தார். கையை வேறு ஆட்டினார். கண்ணாடியில் பார்த்து நானும் கையை ஆட்டினேன்.

இது எனக்குப் பழகிப்போன விஷயம். ஊர் திரும்பி இந்தக் காரை எடுத்த நாளிலிருந்து, என் வண்டி போனால் சனம் பின்னால் ஓடி வருகிறது. கூப்பிடுகிறது. ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். வெளிநாட்டில் யார் யாரைப் பார்த்து ஓடி வந்தார்கள்? மனசு நிறைந்துவிடும் எனக்கு. இதற்காகத்தானே ஊருக்கு வந்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

"இப்ப ஒரு டெஸ்ட்," என்றார் பாஸ். "ஆக்சலேட்டர அப்படியே வச்சிக்கிட்டு பிரேக்கச் சும்மா தொட்டுப் பிடிச்சிருங்க. வண்டி நிக்கக் கூடாது, லைட்டா. பூட்டு தொறந்துரும். நடுக்கமும் நின்னா, பழுது கிளச்லதான்."

வலது கால் ஆக்சலேட்டரில். இடது காலால் பிரேக்கைத் தொட்டுப் பிடித்தேன்.

நடுக்கம் நின்றது!

"முடிஞ்சுது!" என்று பாஸ் கையைத் தட்டினார். அதில் ஒரு துக்கமும் இல்லை. தன் ஸ்கேனர் ஜெயித்த சந்தோஷம்தான். "கிளச்தான். கொன்வேட்டரக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க, சொல்றேன்."

வண்டியை ஓரம் கட்டினேன். பாஸ் இறங்கிக்கொண்டார். "நான் பஸ்ல போறேன். நீங்க மெதுவாப் போங்க. நாப்பதத் தாண்டாதீங்க. அது பூட்டாம இருந்தா நடுங்காது." கதவைச் சாத்திவிட்டு மறுபடி குனிந்தார். "மகள்கிட்ட சொல்லுங்க, வேன நல்லா சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி."

இந்த நல்ல செய்தியைச் சுமந்துகொண்டு டயகமவை நோக்கிக் கிளம்பினேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது? துர்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் போனில் கொடுத்த வாக்கு. போனில் கொடுத்த வாக்குக்குக் காலாவதி உண்டா என்று யோசித்துக்கொண்டே நாற்பதில் ஊர்ந்தேன்.

கொஞ்சத் தூரத்தில் ரோட்டின் நட்ட நடுவில் ஒரு மனுஷி நின்றாள். ஓரத்தில் இல்லை. நடுவில், இரண்டு காலையும் ஊன்றி.

மருதாயி அத்தை. அக்கா இருக்கும் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பிரா. கையில் ஒரு துணிப்பை. பையின் வாயில் சிவப்பாக ஒரு கொண்டை. உள்ளே சேவல். பக்கத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சந்தனம், குடையை ஊன்றிக்கொண்டு.

நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் அத்தை மேல் ஏற்ற வேண்டும்.

கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறிய அத்தை, உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "இன்னைக்காவது நின்னியே!"

"என்ன அத்த?"

"என்ன அத்தயா? செவ்வாக்கெழம நான் பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறேன். நீ வர்ற. கிட்ட வந்ததும் பின்னால செவப்பு லைட்டப் போடுற. சரி, புள்ள நிக்கிறான்னு பையத் தூக்கிக்கிட்டு ஓடி வாறேன். நீ விர்ருன்னு போற! போறவன் சும்மா போறியா? கைய வேற ஆட்டுற!"

பின் சீட்டிலிருந்து தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். தோட்டம் பூரா இதே பேச்சுதான். ஏத்துற மாதிரி லைட்டக் காட்டிட்டு, ஆளு ஓடி வந்ததும் போயிர்றாரு, வெளிநாட்டுல இருந்தவருக்கு இது ஒரு வெளையாட்டு போலன்னு. வயசானவங்கள ஓட வைக்கலாமாப்பா?"

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கார் போனாலும், ரோட்டில் நிற்கிறவர் பக்கத்தில் பிரேக் லைட் எரிந்தால், ஏறிக்கொள் என்று அர்த்தம். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். லைட்டைக் காட்டிவிட்டுப் போவது, இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் எழுப்புகிற மாதிரி.

"நான் பிரேக்கே புடிக்கலையே தலைவரே!"

"அப்ப லைட்டு யாரு போட்டா? நானா?"

வயர் பழுதாக இருக்கும் என்று நினைத்தேன். கொன்வேட்டரோடு வயரும் போச்சா! சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பலாம்.

"ஏம்ப்பா இப்படி ஊர்ற?" என்றாள் அத்தை. "முனியாண்டிக்குப் பூச. சேவல எதிர்பாத்துக்கிட்டு எல்லாரும் நிக்கிறாங்க. கொஞ்சம் மிதி."

"வண்டிக்குச் சரியில்ல அத்த. வேகமாப் போனா நடுங்கும்."

"நடுங்கட்டும். நாங்க என்ன சீனி மூட்டையா, கொட்டிப்போக?"

மிதித்தேன். நாற்பது, ஐம்பது. வந்தது நடுக்கம். அத்தையின் தோடு ஆடியது. தலைவரின் குடை சீட்டில் தாளம் போட்டது.

"அட ஆமா!" என்றார் தலைவர். "இது கியருதான். எங்க கூட்டத்துக்கு வந்த ஜீப்பும் இப்படித்தான்..."

ஜீப் கதை முழுதாக வரவில்லை. அதற்குள் சேவலுக்கு நடுக்கம் பிடிக்கவில்லை. பைக்குள் ஒரு படபடப்பு. காலில் கட்டியிருந்த நார் அவிழ்ந்துவிட்டது. பையிலிருந்து வெளியே வந்த சேவல் அத்தையின் மடியில் ஒரு மிதி, கியர் தடியின் மேல் ஒரு மிதி, என் தொடையில் ஒரு மிதி. பிறகு நேராகக் கீழே, என் காலடிக்கு!

"அய்யோ, முனியப்பா!" என்று அத்தை கத்தினாள். முனியாண்டியைக் கூப்பிட்டாளா, சேவலைக் கூப்பிட்டாளா, தெரியவில்லை.

சேவல் என் இடது கால் பெருவிரலைக் கண்டது. செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல். அதை என்னவென்று நினைத்ததோ, பலமாக ஒரு கொத்து.

இடது காலை வெடுக்கென்று தூக்கி, சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன். பாதிச் சம்மணம். கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

நடுக்கம் நின்றது.

சத்தமே இல்லை. கார் ஆற்றோரமாக மிதந்துகொண்டு போனது. முள் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில். அத்தையின் தோடு அசையவில்லை. காலடியில் சேவல் "கொக்" என்று ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"தலைவரே..." என்றாள் அத்தை, மெல்லிய குரலில்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நின்னுருச்சு."

"நின்னுருச்சு."

அத்தை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "சாமிக்கு நேர்ந்த சேவல்! ஏறுனதும் வண்டி அடங்கிருச்சு பாருங்க!"

பிரேக்குக்குப் பக்கத்தில் சேவலை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாதே. வலது காலால் மெல்லப் பிரேக் பிடித்து ஓரம் கட்டினேன். "எடுங்க அத்த."

"எடுக்காதப்பா! இருக்கட்டும்!"

"எடுங்க!"

மனசே இல்லாமல் எடுத்தாள். மறுபடி கிளம்பினோம். நானும் ஒழுங்காகக் கால் இரண்டையும் கீழே வைத்து, ஓட்டுநர் மாதிரி உட்கார்ந்தேன். ஐம்பது.

நடுக்கம்!

"பாத்தியா! பாத்தியா!" என்று அத்தை கூவினாள். "எறக்குனதும் நடுங்குது!" பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். எங்களைத் தாண்டும்போது தலையை நீட்டி, "அண்ணே, நிக்கப் போறீங்களா, போகப் போறீங்களா? லைட்டு மின்னுது!" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விதான் என்னைக் குனிந்து பார்க்க வைத்தது.

என் இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது. மிதிக்கவில்லை. சும்மா, தொட்டுக்கொண்டு. ரோட்டின் அதிர்வுக்கு ஏற்ப ஒரு நூல் அழுத்தும், ஒரு நூல் விடும். நான் அதை அங்கே வைக்கவில்லை. அதுவாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கிளச்சின் மேல் இருந்த கால். கிளச் இல்லாத வண்டியில் அதைத் தேடிப் போய், கிடைத்ததன் மேல் ஏறிக்கொண்டது. கால் பட்டால் பூட்டு திறக்கும். விட்டால் பூட்டும். பட்டால் திறக்கும். அதுதான் பாஸ் பார்த்த கடைக் கதவு. நடுங்கியது கொன்வேட்டர் இல்லை. நான்.

வளைவுகளில் வராததற்கும் காரணம் புரிந்தது. அங்கே அந்த வேகமே வராது, பூட்டவே பூட்டாது. டெஸ்டில் நின்றதற்கும் காரணம் புரிந்தது. அப்போது மட்டும்தான் காலை ஒழுங்காகப் பிரேக்கில் பிடித்து வைத்திருந்தேன், பூட்டு திறந்தே கிடந்தது.

அந்த நிமிஷத்தில் சித்தப்பாவின் பேச்சில் மிச்சப் பாதியும் வந்து சேர்ந்தது. "...ஆனா எடது காலு மட்டும் அசரவே கூடாதுடா."

அசரவில்லை சித்தப்பா. கடல் தாண்டிப் போய்த் திரும்பியும் அசரவில்லை!

சந்தேகத்துக்குக் காலைத் தூக்கினேன். மிதந்தது. வைத்தேன். நடுங்கியது. தூக்கினேன். மிதந்தது. பக்கத்தில் அத்தை இதைக் கவனிக்கவில்லை. அவள் சேவலைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் காலைத் தூக்கிய நேரமும் சேவலின் கொண்டை என் பக்கம் சாய்ந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவளுக்கு அது போதும்.

பின்னால் ஓடி வந்த சனத்தை எல்லாம் நினைத்துக்கொண்டேன். ஓடி வந்தவர்கள், கூப்பிட்டவர்கள், நான் மனசு நிறைந்து கையாட்டியவர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்ச வழியில் நின்றவர், நடந்தவர், வேலியோரம் சும்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், எல்லாரையும் நிறுத்தி ஏற்றினேன். ஒருவர், "நான் எங்கயும் போகலையே தம்பி" என்றார். "பரவால்ல, ஏறுங்க" என்றேன்.

ஏறிய ஒவ்வொருவருக்கும் அத்தை முதலிலிருந்து கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கதையில் நடுக்கம் கொஞ்சம் கூடியது. டயகம வந்தபோது கார் குப்புறப் போகப் பார்த்ததாகவும், சேவல் இறங்கிப் பிரேக்கைப் பிடித்ததாகவும் ஆகியிருந்தது. தலைவர் சாட்சி. "நான் கண்ணால பாத்தேன்" என்றார். தலைவர் சொன்னால் தோட்டத்தில் அப்பீல் கிடையாது.

லயத்து வாசலில் இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. துர்கா மஞ்சள் பூசின முகத்தோடு வெளியே வந்தாள். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்ப பொண்ணு காருல அந்தச் சேவல் வருமா?"

"வரட்டுமே!" என்றாள் அத்தை. "முனியப்பன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். கல்யாணம் முடியுற வரைக்கும் இது வண்டிக்கு."

சேவல் கொக்கரித்தது. அன்றைக்கு அந்த லயத்தில் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டது அது ஒன்றுதான்.

நான் அக்காவைத் தனியே கூப்பிட்டேன். படித்தவன், உண்மையைச் சொல்ல வேண்டாமா? "அக்கா, வண்டியில ஒரு பழுதும் இல்ல. சேவலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எல்லாம் என் எடது காலுதான். எனக்குத் தெரியாமலே அது போய்..."

அக்காவின் முகம் வெளுத்தது. "ஒனக்குத் தெரியாமலே கால் தானாப் போகுதா?"

"ஆமா. இல்ல, அப்படி இல்ல..."

"எத்தன நாளா?"

"கார் வாங்கினதுலேருந்து..."

"ஏம்ப்பா சொல்லல? இது நரம்பு வருத்தம்ப்பா! மச்சானோட பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு!" கண்ணே கலங்கிவிட்டது அவளுக்கு. "நீ வண்டியே ஓட்டக் கூடாது. திங்கக்கெழம டொக்டர்கிட்ட போவோம். துர்கா வேன்ல போகட்டும். இன்னைக்கே கழுவச் சொல்றேன்."

"அக்கா, நான் சொல்ல வந்தது..."

"ஒன்னும் சொல்லாத. ஒக்காரு. காலத் தொங்கப் போடாத."

ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் இடது காலை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

துர்கா பிளேன்டீ கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கிக் கேட்டாள்: "மாமா, என்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். கிளச், பூட்டு, கால், சித்தப்பா, எல்லாம். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஞ்சள் கையெல்லாம் ஒட்டியது.

சிரித்து முடித்து, விரல் விட்டு எண்ணினாள். "இதச் சொன்னா அம்மா நம்பாது, நான் லீக்ஸ் வேன்ல. சேவல்தான் காரணம்னு சொன்னா, நான் காருல, சேவலோட."

"ஆமா."

"சேவல் பின்னால வந்து என் புடவையில ஏதாச்சும் பண்ணிச்சுன்னா?"

"முன் சீட்டுல பை போட்டு வச்சிக்கிறேன்."

"கால் கீழ வராதே மாமா?"

"வராது."

அவள் எழுந்து உள்ளே போனாள். வாசலில் மச்சான், கூட்டாளி கொண்டுவந்து விட்ட வேனை நோக்கித் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது பாஸிடமிருந்து போன் வந்தது.

"மாத்தயா, கொழும்புல பேசிட்டேன். எப்ப கழட்டுவோம்?"

"வேணாம் பாஸ். நடுக்கம் நின்னுருச்சு."

"தானா நிக்காதே! என்ன செஞ்சீங்க? எண்ணெ மாத்தினீங்களா?"

வாசல் முழுக்கச் சனம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சேவலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சேவல ஏத்தினேன் பாஸ்."

பாஸ் உடனே, "எங்க வச்சீங்க?" என்று கேட்டார்.

காலை முக்காலியிலிருந்து இறக்கி, எழுந்து போய், "காலுக்கு ஒன்னுமில்லக்கா, சேவல்தான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மச்சானிடம் குழாயை மூடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பொண்ணு காரை நான்தான் ஓட்டுகிறேன். முன் சீட்டில் சேவல் வருகிறது, இடது கால் சம்மணம்.